காரணி ஒன்றுகூடத் தெரியாத பகு எண்: 2^1277 − 1

நெல்லிமரம்

வணக்கம் நண்பர்களே. மூன்று நாளாக ஒரு எண் மண்டையைக் குடைகிறது. 2-ஐ 1277 முறை பெருக்கி அதில் ஒன்றைக் கழித்தால் வருவது. மொத்தம் 385 இலக்கங்கள். இது பகு எண் என்று 1952-லேயே ஒரு கணினி மூலம் தெரிந்துவிட்டதாம். ஆனால் இன்றுவரை இதன் காரணி ஒன்றுகூட யாருக்கும் தெரியாது.

எனக்குப் புரியாதது இதுதான். பகு எண் என்றால் 1-ஐயும் தன்னையும் தவிர வேறொன்றாலும் வகுபடும் எண். அந்த வேறொன்று எது என்று காட்டாமல் 'இது பகு எண்' என்று எப்படிச் சொல்ல முடியும்? அனுமானமா, நிரூபணமா? கல்லூரிக் கணிதம் எனக்குத் தெரியாது. பத்தாம் வகுப்புக் கணக்கு வைத்துக்கொண்டு விளங்கும்படி யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

கரும்பலகை

தம்பி, நல்ல கேள்வி. நான் 31 வருடம் பள்ளியில் கணக்கு நடத்தியவன். பகு எண் என்று நிறுவ வேண்டுமானால் காரணியைக் காட்டு, பகா எண் என்று நிறுவ வேண்டுமானால் வர்க்கமூலம் வரை வகுத்துப் பார்த்துவிட்டேன் என்று காட்டு. இப்படித்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். மூன்றாவது வழி இருப்பதாக நான் படித்த காலத்தில் யாரும் சொல்லவில்லை. தெரிந்தவர்கள் ஒரு சின்ன எண்ணை வைத்து, காகிதத்தில் போட்டுப் பார்க்கிற மாதிரி காட்டுங்கள். கணினி சொன்னது என்றால் என் மனது ஒப்பாது.

மட்டுக்கணக்கு

ஐயா, மூன்றாவது வழி உண்டு. நிரூபணம்தான், அனுமானம் இல்லை. தேங்காயை உடைக்காமலே தட்டிப் பார்த்து முற்றலா இளசா என்று சொல்கிறோம் இல்லையா, அது மாதிரி. ஒரே வித்தியாசம், தேங்காய் விஷயத்தில் தப்பலாம், இங்கே தப்பாது.

பகா எண்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான குணம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நம் எண்ணில் அந்தக் குணம் இல்லை என்று காட்டிவிட்டால் அது பகா எண் இல்லை. அவ்வளவுதான். காரணி பற்றிய பேச்சே வராது.

2^1277 − 1 போன்றவற்றுக்கு மெர்சென் எண்கள் என்று பெயர். இவற்றுக்கென்றே ஒரு சோதனை இருக்கிறது. 1870-களில் பிரெஞ்சுக்காரர் லூக்கா தொடங்கி வைத்தார். பிறகு அமெரிக்கர் லேமர் 1930 வாக்கில் அதைச் செம்மைப்படுத்தினார். முறை இது: 4-இல் தொடங்குங்கள். வர்க்கப்படுத்தி 2-ஐக் கழியுங்கள். சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப அதையே செய்யுங்கள். அடுக்கு ஒற்றைப்படைப் பகா எண்ணாக இருக்க வேண்டும். அடுக்கைவிட இரண்டு குறைவான தடவை செய்த பிறகு மீதி 0 வந்தால் பகா எண், வராவிட்டால் பகு எண். இரண்டு பக்கமும் நிரூபிக்கப்பட்டது.

127-ஐ எடுப்போம். அது 2^7 − 1, அதனால் ஐந்து தடவை.

4 → 14 → 67 (194 − 127) → 42 → 111 → 0

பூச்சியம் வந்துவிட்டது, 127 பகா எண். இப்போது 2^11 − 1, அதாவது 2047. ஒன்பது தடவை செய்ய வேண்டும். ஐயா, இதை நீங்களே போட்டுப் பாருங்களேன். கடைசியில் என்ன வருகிறது என்று நான் சொல்ல மாட்டேன்.

கடைசிபெஞ்ச்

நான் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு. எங்களுக்கு ஃபெர்மாவின் சிறு தேற்றம் நடத்தினார்கள். ஒரு எண் பகா எண்ணாக இருந்தால், 2-ஐ அந்த எண்ணுக்கு ஒன்று குறைவான அடுக்குக்கு உயர்த்தி அதே எண்ணால் வகுத்தால் மீதி 1 வரும். 2047-க்கு பைத்தான் நிரல்மொழியில் போட்டேன். 2^2046-ஐ 2047-ஆல் வகுத்தால் மீதி 1 வருகிறது. ஆனால் 2047 = 23 × 89 என்று எனக்குத் தெரியும். அப்புறம் எப்படி?

மட்டுக்கணக்கு

சரியான இடத்தில் வந்து முட்டியிருக்கிறீர்கள். அந்தத் தேற்றம் ஒருவழிப்பாதை. பகா எண் என்றால் மீதி 1 வரும். மீதி 1 வந்துவிட்டதால் பகா எண் என்று திருப்பிச் சொல்ல முடியாது.

அதிலும் மெர்சென் எண்ணுக்கு 2-ஐ அடியாக வைப்பது பயனற்றது. 2046 = 11 × 186. 2^11-ஐ 2047-ஆல் வகுத்தால் மீதி 1 தானே? அதை 186 தடவை பெருக்கினாலும் 1 தான். அடுக்கு பகா எண்ணாக உள்ள எல்லா மெர்சென் எண்ணும் இந்தச் சோதனையில் இப்படியே தேறிவிடும். 2-க்குப் பதிலாக 3-ஐ வைத்துப் பாருங்கள்.

கடைசிபெஞ்ச்

3-ஐ வைத்தால் மீதி 1013. ஒன்று இல்லை. அப்போ 23, 89 பற்றி எதுவுமே தெரியாமல், இந்த ஒரு மீதியை வைத்தே 2047 பகு எண் என்று சொல்லிவிடலாம். இப்போது விளங்குகிறது. வகுப்பில் தேற்றத்தை எழுதிப் போட்டார்கள், இதற்கு இது உதவும் என்று எனக்கு அன்றைக்குப் படவில்லை.

கரும்பலகை

2047-ஐ நோட்டில் போட்டுப் பார்த்தேன். எனக்கு வந்தது: 4, 14, 194, 788, 701, 121, 310... இதோடு நிறுத்திவிட்டேன். சரியான பாதையில்தான் போகிறேனா?

சல்லடை

ஐயா, 701 வரை சரி. அடுத்து 701-இன் வர்க்கம் 491401. அதிலிருந்து 2-ஐக் கழித்து 2047-ஆல் வகுத்தால் மீதி 119. நீங்கள் 2-ஐக் கழிக்க விட்டுவிட்டீர்கள், அதனால்தான் 121. அதற்குப் பிறகு எல்லாம் மாறிப்போகும்.

இந்தச் சோதனையின் ஆபத்தே இதுதான். எங்கேயோ ஒரு இடத்தில் சறுக்கினால் முடிவில் வரும் எண்ணைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. கையால் போட்ட காலத்தில் பெரிய பெரிய ஆட்களுக்கே இந்தப் பயம் இருந்தது. இப்போது புதிய பெரிய மெர்சென் எண்களைக் கணினியில் சோதிப்பவர்களும் பிழை சரிபார்ப்பு இல்லாத ஒரு ஓட்டத்தை மட்டும் நம்புவதில்லை.

கரும்பலகை

உண்மைதான் அம்மா. மறுபடி உட்கார்ந்தேன். 119, 1877, 240, 282, 1736. ஒன்பதாவது தடவை 1736. பூச்சியம் இல்லை. 1877 வந்ததும் அதை 170 குறைவு என்று எடுத்துக்கொண்டு 170-ஐ வர்க்கப்படுத்தினால் வேலை சுலபம் என்று பிறகுதான் தோன்றியது.

23-ஆலும் 89-ஆலும் நான் வகுக்கவே இல்லை. ஆனால் 2047 பகா எண் இல்லை என்று என் கையெழுத்தில் நிரூபணம் இருக்கிறது. 31 வருடம் பிள்ளைகளுக்கு இதைக் காட்டாமல் விட்டோமே என்று இருக்கிறது.

நெல்லிமரம்

நானும் போட்டேன், 1736 தான். எல்லோருக்கும் நன்றி. ஒரு தொடர் கேள்வி. அந்த 1736-க்குள்ளேயே 23-உம் 89-உம் ஒளிந்திருக்க வேண்டாமா? 1736-ஐ ஏதாவது செய்து காரணியை எடுக்க முடியாதா? முடியும் என்றால் 1277-க்கும் அதே மாதிரி செய்துவிடலாமே.

மட்டுக்கணக்கு

முடியாது. 1736 = 8 × 7 × 31. இதற்கும் 2047-க்கும் மீப்பெரு பொதுக் காரணி 1. அந்த மீதி 'பூச்சியம் இல்லை' என்ற ஒரே செய்தியைத்தான் கொண்டுவருகிறது. எங்கே உடையும் என்ற தகவல் அதில் இல்லை.

இது பகு எண்ணா என்பது ஒரு கேள்வி, எதன் பெருக்கல் என்பது இன்னொரு கேள்வி. பார்வைக்கு ஒரே கேள்வி மாதிரித் தெரியும். முதல் கேள்விக்கு விரைவான வழிகள் உண்டு. எந்த எண்ணாக இருந்தாலும் அதன் இலக்கங்களின் எண்ணிக்கையை ஒட்டிய நியாயமான நேரத்தில் தீர்மானிக்கலாம் என்று 2002-இல் கான்பூர் ஐஐடியின் மனிந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் நிறுவினார்கள். இரண்டாவது கேள்விக்கு அப்படி ஒரு வழி சாதாரணக் கணினியில் இன்றுவரை கிடைக்கவில்லை. இணையத்தில் ரகசியத் தகவலைக் காக்கப் புழங்கும் ஆர்எஸ்ஏ என்ற குறியாக்கப் பூட்டு இந்த இடைவெளியில்தான் நிற்கிறது. நம்முடைய 385 இலக்க எண், அந்த இடைவெளியை உருவமாகப் பார்க்கிற மாதிரி.

சல்லடை

காரணியைத் தேடுவது எப்படி இருக்கும் என்று நான் காட்டுகிறேன். கண்ணை மூடிக்கொண்டு 3, 5, 7 என்று வகுத்துப் போக வேண்டியதில்லை.

ஒரு பகா எண் 2^1277 − 1-ஐ வகுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் வகுத்து மீதி பார்த்தால் 2^1277 என்பது 1. 1277 பகா எண் என்பதால் அதற்கு முன் எந்த அடுக்கிலும் 1 வந்திருக்க முடியாது. மேலே சொன்ன ஃபெர்மா தேற்றப்படி, காரணிக்கு ஒன்று குறைவான அடுக்கிலும் மீதி 1 வரும். அப்படியானால் அந்தக் காரணியிலிருந்து ஒன்றைக் கழித்தால் 1277-ஆல் வகுபட வேண்டும். காரணி ஒற்றைப்படை என்பதால் 2-ஆலும் வகுபட வேண்டும். ஆகவே காரணி எதுவாக இருந்தாலும் 2554 × க + 1 என்ற வடிவம்தான். கூடவே இன்னொரு கட்டுப்பாடு: 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7. இதனால் 'க' என்பது 4-இன் மடங்காகவோ அதற்கு ஒன்று குறைவாகவோதான் இருக்கும்.

க = 3: 7663. இது 79 × 97, தள்ளிவிடலாம்.
க = 4: 10217 = 17 × 601.
க = 7: 17879 = 19 × 941.
க = 8: 20433, மூன்றால் வகுபடும்.
க = 11: 28095, ஐந்தால் வகுபடும்.
க = 12: 30649. இது பகா எண்!

ஆக நிஜமான முதல் வேட்பாளர் 30649. இது வகுக்கிறதா என்று பார்க்க 385 இலக்கமும் தேவையில்லை. அடுக்கை 9, 19, 39, 79, 159, 319, 638, 1277 என்று ஏற்றிக்கொண்டே போகலாம். ஒவ்வொரு படியிலும் வர்க்கப்படுத்தி, அடுக்கு இரண்டு மடங்குக்கு ஒன்று கூடுதலாக இருந்தால் 2-ஆலும் பெருக்கி, மீதி எடுக்க வேண்டும். எனக்கு வந்த மீதிகள்:

512, 3255, 11591, 2779, 29235, 14422, 9970, 12386

கடைசியில் 1 வந்திருந்தால் காரணி. வந்தது 12386. அதனால் 30649 இல்லை. கால்குலேட்டரில் பத்து நிமிட வேலை. இதையே இயந்திரங்கள் இரவும் பகலும் செய்து எத்தனையோ கோடிக் கோடி வேட்பாளர்களைத் தள்ளிவிட்டன. இன்னும் கிடைக்கவில்லை.

பனைஓலை

இதைப் படித்ததும் 2^67 − 1 ஞாபகம் வருகிறது. மெர்சென் 1644-இல் வெளியிட்ட பட்டியலில் அதைப் பகா எண் என்று எழுதினார். 1876-இல் லூக்கா அது பகு எண் என்று காட்டினார், ஆனால் காரணி தெரியாது. 27 வருடம் அப்படியே கிடந்தது, இன்றைக்கு 1277 கிடப்பது போல. 1903 அக்டோபரில் நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் ஃபிராங்க் நெல்சன் கோல் காரணிகளைக் காட்டினார்.

193707721 × 761838257287 = 147573952589676412927

அவர் ஒரு வார்த்தை பேசாமல் கரும்பலகையின் ஒரு பக்கம் 2^67-ஐப் பெருக்கி ஒன்றைக் கழித்து எழுதினார், மறுபக்கம் இந்த இரண்டையும் பெருக்கினார், இரண்டும் ஒன்றாக வந்ததும் அரங்கம் கைதட்டியது என்று கதை. எவ்வளவு காலம் ஆனது என்று கேட்டதற்கு 'மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள்' என்றாராம். பிற்காலத்தில் எழுதப்பட்ட கதை, அதனால் வார்த்தைக்கு வார்த்தை நம்ப வேண்டாம். பெருக்கலை மட்டும் நம்பலாம். போன ஞாயிறு நானே கட்டம் போட்ட தாளில் உட்கார்ந்து பெருக்கினேன். ஒன்பது வரி, ஒரு வரி பூச்சியம் மட்டுமே. கூட்டும்போது இரண்டு தடவை தப்பி, மூன்றாவது தடவை கடைசி இலக்கம்வரை பொருந்தி வந்தது. அந்த நேரத்தில் உடம்பு சிலிர்த்தது.

சல்லடை

அருமை, பனைஓலை. இதில் என்னைத் தொந்தரவு செய்யும் விஷயம் ஒன்று உண்டு. 193707721-இலிருந்து ஒன்றைக் கழித்துக் காரணிப்படுத்துங்கள்:

193707720 = 2^3 × 3^3 × 5 × 67 × 2677

எல்லாம் சின்னச் சின்ன எண்கள். இப்படிப்பட்ட காரணியை எளிதாகப் பிடிக்க 1974-இல் பொல்லார்டு ஒரு முறை கண்டுபிடித்தார். அந்த முறை தெரிந்திருந்தால் கோல் அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவிட்டிருக்க வேண்டாம். இப்போது மடிக்கணினியில் கண்ணிமைக்கும் நேரம்.

1277-க்கும் இதைத்தான் முதலில் செய்து பார்த்தார்கள். சிக்கவில்லை. அதன் காரணிகளிலிருந்து ஒன்றைக் கழித்தால் உள்ளே பெரிய பகா எண் ஏதோ உட்கார்ந்திருக்கிறது போலும்.

அரைப்படி

குறுக்கே வருவதற்கு மன்னியுங்கள். ராமானுஜன் பெரிய பகு எண்கள் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார் அல்லவா? அதில் இதற்கு ஏதாவது வழி இருக்குமா?

பனைஓலை

அது இதற்கு நேர் எதிர்ப்பக்கம். 1915-இல் அவர் எழுதியது, தனக்கு முந்திய எல்லா எண்களையும்விட அதிக வகுத்திகள் கொண்ட எண்கள் பற்றி. 12, 24, 36, 48, 60 மாதிரி. அவருடைய பட்டியலின் கடைசி எண் 6746328388800. அதற்கு 10080 வகுத்திகள். அதை உடைத்தால் 2^6 × 3^4 × 5^2 × 7^2 × 11 × 13 × 17 × 19 × 23. எல்லாமே சின்னப் பகா எண்கள், வரிசையாக. தொட்டாலே உடையும்.

இன்னொரு விஷயம். அந்தப் பட்டியலில் ஒரே ஒரு எண் விடுபட்டிருக்கிறது: 293318625600. மேலே சொன்ன கடைசி எண்ணை 23-ஆல் வகுத்தால் வருவதே அது. கையால் இவ்வளவு தூரம் போனவர் விட்டது அந்த ஒன்றைத்தான்.

கடைசிபெஞ்ச்

அப்போ 1277-ஐ உடைக்க இன்றைக்கு என்னதான் தடை? பெரிய கணினிகள் இருக்கின்றனவே?

மட்டுக்கணக்கு

இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று எலிப்டிக் கர்வ் முறை, 1980-களில் லென்ஸ்ட்ரா கொடுத்தது. காரணி சிறியதாக இருந்தால்தான் இதில் மாட்டும். நம் எண்ணின் மிகச் சிறிய காரணி 193 இலக்கம் வரைகூட இருக்கலாம். அவ்வளவு பெரிதாக இருந்தால் இந்த முறைக்கு எட்டாது.

இன்னொன்று எண்புலச் சல்லடை. காரணி எவ்வளவு பெரிது என்று இது பார்ப்பதில்லை, உடைக்கும் எண் எவ்வளவு பெரிது என்பதுதான் கணக்கு. 2012-இல் 2^1061 − 1-ஐ இந்த முறையில்தான் உடைத்தார்கள். 320 இலக்கம், 143 இலக்கமும் 177 இலக்கமும் கொண்ட இரண்டு பகா எண்களாகப் பிரிந்தது. 1061-க்கும் 1277-க்கும் பெரிய தூரம் இல்லை என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு படிக்கும் வேலை பெருகிக்கொண்டே போகும். ஒரு ஒப்பீடு சொல்கிறேன். தனி வடிவம் எதுவும் இல்லாத 250 இலக்க ஆர்எஸ்ஏ எண் ஒன்றை 2020 பிப்ரவரியில் உடைத்தபோது, ஒரே ஒரு ப்ராசசர் கோரில் ஓட்டியிருந்தால் சுமார் 2700 ஆண்டு ஆகும் அளவுக்கு வேலை பிடித்தது. 1277-க்கு 2-இன் அடுக்கு என்ற சலுகை இருக்கிறது. இருந்தும் கணினிகளுக்கும் மின்சாரத்துக்கும் ஆகும் செலவை ஏற்க யாரும் இன்னும் முன்வரவில்லை.

குவாண்டம் கணினி வந்தால் என்று அடுத்துக் கேட்பீர்கள். 1994-இல் ஷோர் கொடுத்த முறை கொள்கையளவில் இதை உடைக்கும். அதற்கு வேண்டிய அளவுக்குப் பெரிய, பிழை தாங்கும் இயந்திரம் இன்னும் இல்லை.

நெல்லிமரம்

கடைசியாக ஒரு சந்தேகம். கரும்பலகை ஐயாவுக்கு ஒரு 2 விடுபட்டது போல, 1952-இல் அந்தக் கணினிக்கும் ஏதாவது தவறியிருந்தால்? காரணி இருந்தால் பெருக்கிப் பார்த்து நம்பலாம். இங்கே நம்புவதற்கு எதைப் பிடிப்பது?

பனைஓலை

ஸ்வாக் என்ற அந்தக் கணினி லாஸ் ஏஞ்சலிஸில் இருந்தது. நிரலை எழுதியவர் ராபின்சன். 1277-ஐச் சோதித்த அதே நிரல்தான் பக்கத்து எண்ணான 1279-ஐயும் சோதித்தது. 2^1279 − 1 பகா எண் என்று வந்தது, 386 இலக்கம். இரட்டைப் பகா அடுக்குகள் இரண்டு, ஒன்று உடையவே உடையாதது, மற்றொன்று உடையும், ஆனால் எப்படி என்று தெரியாது. எனக்கு இது எப்போதும் ஆச்சரியம்தான்.

1952-ஐ நம்ப வேண்டிய அவசியமும் இல்லை. 1275 தடவை வர்க்கப்படுத்துவது இன்றைய கணினிக்கு ஒன்றுமே இல்லை. நீங்களே ஓட்டுங்கள். பைத்தானில் நான்கு வரி.

நெல்லிமரம்

ஓட்டினேன். முதலில் 127, 2047 இரண்டையும் கொடுத்தேன், 0-உம் 1736-உம் வந்தன. பிறகு 1279 கொடுத்தேன், 0. பிறகு 1277. திரை நிறைய இலக்கங்கள், பூச்சியம் இல்லை. எண்டர் தட்டிய விரலை எடுப்பதற்குள் விடை வந்துவிட்டது. 3-ஐ அடியாக வைத்து ஃபெர்மா சோதனையும் செய்தேன், மீதி 1 இல்லை. இரண்டு வேறு வேறு வழிகளில் ஒரே முடிவு. என் சந்தேகம் போய்விட்டது. எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

கரும்பலகை

தம்பி, நான் கணினிப் பக்கம் போகவில்லை. சல்லடை அம்மா விட்ட இடத்திலிருந்து கால்குலேட்டரும் நோட்டுமாகத் தொடர்ந்தேன். இயந்திரங்கள் என்றைக்கோ கடந்துபோன இடம் என்று தெரியும். என் கையால் பார்க்க ஆசை.

க = 15: 38311 = 7 × 13 × 421.
க = 16: 40865, ஐந்தால் வகுபடும்.
க = 19: 48527. 220-க்குள் உள்ள எல்லாப் பகா எண்களாலும் வகுத்துப் பார்த்தேன், ஒன்றும் போகவில்லை, பகா எண். 2^1277-ஐ இதனால் வகுத்தால் மீதி 19713. இரண்டு தடவை சரிபார்த்தேன், இந்த முறை எதையும் விடவில்லை.
க = 20: 51081, மூன்றால் வகுபடும்.
க = 23: 58743, இதுவும் மூன்றால்.

அடுத்தது க = 24, அதாவது 61297. காலையில் பார்க்கிறேன்.